நாவல் திரைக்கதையாகும்போது எதைக் காக்க வேண்டும்?

விரும்பிப் படித்த நாவல் ஒன்று திரைப்படமாக வரப்போகிறது என்ற செய்தி வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும். கூடவே ஓர் அச்சத்தையும் தரும். பல ஆண்டுகளாக மனத்தில் வாழ்ந்துவரும் கதைமாந்தர்கள் திரையில் எப்படித் தோன்றுவார்கள்? பிடித்த காட்சி இடம்பெறுமா? கதையின் முடிவு மாறிவிடுமா? கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ திரைக்கு வந்தபோது இக்கேள்விகள் பல தமிழ்க் குடும்பங்களில் எழுந்தன. மணிரத்னம் இயக்கிய அப்படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30ஆம் நாள் வெளிவந்தது. இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28ஆம் நாள் வெளிவந்தது. தமிழ்நாட்டில் மட்டுமின்றி மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மக்கள் அதைத் திரையரங்குகளில் கண்டனர். நாவலைப் பலமுறை படித்தவர்களும் அந்தப் பெயரை மட்டுமே கேள்விப்பட்டிருந்த இளையோரும் ஒரே படத்தைப் பார்த்தனர். ஆனால், இரு தரப்பினரும் ஒரே கதையைக் கண்டார்கள் என்று சொல்ல முடியாது.

இத்தகைய படங்கள் வெளிவரும்போதெல்லாம் இரண்டு கருத்துகள் மோதிக்கொள்கின்றன. ‘புகழ்பெற்ற நாவலில் ஒரு வரியைக்கூட மாற்றக் கூடாது’ என்பது ஒன்று. ‘திரைப்படம் தனிக்கலை, அதற்கு முழுச் சுதந்திரம் உண்டு’ என்பது மற்றொன்று. இரண்டுமே ஏற்கத்தக்கவை அல்ல. முதல் கருத்து, எழுத்துக்கும் காட்சிக்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிடுகிறது. இரண்டாவது கருத்து, நாவலின் பெயரையும் புகழையும் பயன்படுத்திக்கொண்டு அதற்குரிய கடமையை மட்டும் கழற்றிவிடுகிறது. நாவலில் எவ்வளவு நீக்கப்பட்டது என்று எண்ணிப் பார்ப்பதால் பயனில்லை. நீக்கப்பட்ட பகுதி கதையில் சுமந்திருந்த பொருள் என்ன, அது வேறோர் இடத்தில் காக்கப்பட்டதா என்று பார்ப்பதே சரியான அளவுகோல்.

முதலில், நீக்குவது ஏன் தவிர்க்க முடியாதது என்பதை உணர வேண்டும். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வெளிவந்தது. ‘புது வெள்ளம்’ தொடங்கித் ‘தியாகச் சிகரம்’ வரை ஐந்து பாகங்களைக் கொண்ட அந்நாவல் அச்சில் இரண்டாயிரம் பக்கங்களைத் தாண்டும். திரைப்படத்தின் இரண்டு பாகங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் வரும். திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஓடும் என்பது திரைத்துறையினர் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. அக்கணக்கின்படி இரண்டு படங்களுக்கும் சேர்த்து முந்நூற்று முப்பது பக்கங்களே கிடைக்கும். பக்க அளவை மட்டும் கொண்டு பார்த்தால் இது நாவலில் ஆறில் ஒரு பங்குதான். 1958ஆம் ஆண்டிலேயே எம்.ஜி.ஆர். இந்நாவலைப் படமாக்க முன்வந்தும் அது நிறைவேறவில்லை. பின்னர் வேறு சிலர் மேற்கொண்ட முயற்சிகளும் கைகூடவில்லை. இந்தப் பெரிய கதையைச் சுருக்குவது எவ்வளவு கடினம் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

அளவு மட்டுமே தடை அன்று. எழுதப்பட்ட முறையும் ஒரு தடைதான். வாரந்தோறும் தொடரின் ஒரு பகுதியைப் படித்துவிட்டு அடுத்த இதழுக்காகக் காத்திருந்த வாசகர்களுக்காகக் கல்கி எழுதினார். ஆகவே, கதையை நடுவில் நிறுத்தி வாசகர்களோடு நேரடியாகப் பேசுவார். பழைய செய்தியை நினைவூட்டுவார். வரலாற்றுக் குறிப்பு ஒன்றை விளக்குவார். பிறகு கதைக்குத் திரும்புவார். வாசகர்கள் அந்த உரையாடலை ரசித்தனர். திரையரங்கில் அமர்ந்திருப்பவருக்கோ கதை தொடர்ந்து நகர வேண்டும்.

இரண்டின் தொடக்கத்தையும் ஒப்பிட்டால் இந்த வேறுபாடு தெளிவாகும். நாவல், ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. வந்தியத்தேவன் என்னும் இளைஞன் குதிரையில் தனியே வருகிறான். அவன் யார், எதற்காகப் பயணம் செய்கிறான் என்பவை வாசகருக்கு மெல்ல மெல்லத்தான் தெரியவருகின்றன. திரைப்படமோ, ஆதித்த கரிகாலன் நடத்தும் போரோடு தொடங்குகிறது. போர் முடிந்ததும் அவன் தன் நண்பனாகிய வந்தியத்தேவனைத் தஞ்சைக்கு அனுப்புகிறான். யார், எங்கே, எதற்காக என்பவை சில நிமிடங்களிலேயே விளங்கிவிடுகின்றன. ஏரிக்கரையின் அமைதியான அழகு முதல் காட்சியாக இல்லாமற்போனது இழப்புதான். ஆயினும், வந்தியத்தேவனின் கண்கள் வழியாகச் சோழ நாட்டைக் காட்டுவது என்னும் நாவலின் அடிப்படை உத்தி காக்கப்பட்டது. காவிரி நாட்டின் வளத்தையும் அவன் உற்சாகத்தையும் கல்கி பல பக்கங்களில் வருணித்தார். திரையில் ‘பொன்னி நதி’ என்னும் பாடல் சில நிமிடங்களில் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இங்கே சொற்கள் போய்விட்டன. அவற்றின் பயன் போகவில்லை.

இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. கரிகாலனுக்கும் நந்தினிக்கும் இளமையில் இருந்த நேசம் நாவலில் பெரும்பாலும் பேச்சின் வழியே வெளிப்படுகிறது. தன் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் பழைய நிகழ்ச்சிகளைக் கரிகாலன் தன் நண்பனிடம் எடுத்துரைக்கிறான். படத்தின் இரண்டாம் பாகமோ அந்த இளமைப் பருவத்தையே தொடக்கக் காட்சியாகக் காட்டுகிறது. அதில் வசனம் மிகக் குறைவு. இருவரின் பார்வைகளும் பிரிவின் வலியும் கதையைச் சொல்லிவிடுகின்றன. நாவலில் ‘சொல்லப்பட்டது’ திரையில் ‘காட்டப்பட்டது’. வீரனாகிய கரிகாலன் ஏன் அமைதியற்று அலைகிறான், நந்தினி ஏன் பழி தீர்க்கத் துடிக்கிறாள் என்பவை பார்வையாளர் மனத்தில் ஆழமாகப் பதிகின்றன. நல்ல திரைக்கதை நாவலைக் குறைப்பதோடு நிற்பதில்லை. நாவலில் உள்ள உணர்ச்சிக்குத் திரையின் மொழியில் புது வடிவமும் தருகிறது.

எனினும், எல்லா மாற்றங்களும் இவ்வாறு ஈடு செய்யப்படவில்லை. கடம்பூர்ச் சம்புவரையரின் மகள் மணிமேகலை நாவலில் மறக்க முடியாதவள். சூழ்ச்சியும் பழியுணர்ச்சியும் நிறைந்த மாளிகையில் கள்ளங்கபடமின்றி வளர்ந்தவள். வந்தியத்தேவன்மீது அவள் கொண்ட அன்பு கைகூடாத அன்பு. அவனைக் காப்பாற்றுவதற்காக, கரிகாலனைக் கொன்றது தானே என்று பழியைத் தன்மீது சுமந்துகொள்ளவும் அவள் துணிகிறாள். அவளது சோக முடிவே நாவலின் நிறைவில் வாசகர்களைக் கலங்க வைக்கிறது. திரைப்படத்தில் இப்பாத்திரம் இல்லை. குந்தவை, நந்தினி, பூங்குழலி, வானதி என முக்கியமான பெண் பாத்திரங்கள் பலர் இருக்கும்போது இன்னொருவருக்கு இடமளிப்பது கடினம் என்பது உண்மையே. ஆனால், அரியணைக்காகப் பெரியவர்கள் நடத்தும் போட்டியில் ஒன்றுமறியாத ஒருத்தி நசுங்கிப்போகிறாள் என்னும் செய்தியை மணிமேகலை சுமந்திருந்தாள். அந்தச் சுமையை அவளைப் போலவே ஏற்றுக்கொள்ளும் வேறு பாத்திரம் படத்தில் இல்லை. ஆகவே, இந்த நீக்கத்தைத் திரைக்கதையின் குறை என்றே கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழலாம். கல்கி எழுதியதை மாற்ற மற்றவர்களுக்கு உரிமை உண்டா? இதற்கு விடை காண, கல்கி தாமே எப்படி எழுதினார் என்பதைப் பார்க்க வேண்டும். அவருக்கு முன்னால் இருந்தவை கல்வெட்டுகள், செப்பேடுகள், வரலாற்று அறிஞர்களின் நூல்கள். உடையார்குடிக் கோயிற் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக இரவிதாசன் முதலிய சிலரைக் குறிப்பிடுகிறது. அந்தச் சில வரிகளிலிருந்து ஒரு பெரிய மர்மக் கதையைக் கல்கி வளர்த்தெடுத்தார். வந்தியத்தேவனைக் குந்தவையின் கணவனாகத் தஞ்சைக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. ஆனால் அவனது குறும்பையும் துணிச்சலையும் கல்வெட்டில் காண முடியாது. அவை கல்கியின் படைப்பு. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகியோர் முழுக் கற்பனைப் பாத்திரங்கள்.

மலேசிய மாணவர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்றும் நாவலில் இருக்கிறது. இளவரசன் அருள்மொழிவர்மன் நோயுற்றபோது நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துப் பிக்குகள் அவனைக் காப்பாற்றுவதாகக் கல்கி எழுதினார். கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய மன்னரின் பெயரால் அமைந்த விகாரம் அது. கடாரம் என்பது இன்றைய கெடா மாநிலப் பகுதி. அருள்மொழி, இராஜராஜன் என்னும் பெயருடன் அரசனான பின், தன் 21ஆம் ஆட்சியாண்டில் அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக வழங்கியதைச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. பிற்காலத்தில் வழங்கப்பட்ட அந்தக் கொடைக்கு முன்கதை அமைப்பதுபோல, இளவரசனையும் விகாரத்தையும் நாவல் இணைத்துவிடுகிறது. வரலாற்றின் வறண்ட குறிப்பு ஒன்று இவ்வாறு நன்றியுணர்வு மிக்க மனிதக் கதையாகிறது. அப்படியானால், செப்பேட்டிலிருந்து நாவலுக்குச் செல்லும்போது கல்கி எடுத்துக்கொண்ட உரிமையை, நாவலிலிருந்து திரைக்குச் செல்பவருக்கு முற்றிலும் மறுப்பது நியாயமாகாது. ஆனால், கல்கி வரலாற்றைக் கற்ற பிறகே கற்பனை செய்தார். அதே உழைப்பைத் திரைக்கதை ஆசிரியரிடமும் எதிர்பார்ப்பது நியாயம்.

இந்த உரிமையும் கடமையும் ஒருசேரச் சோதிக்கப்பட்ட இடம் கதையின் முடிவு. அருள்மொழி தனக்குக் கிடைக்கவிருந்த மணிமுடியைப் பிறருக்கு விட்டுக்கொடுப்பதே நாவலின் உச்சம். ஐந்தாம் பாகத்துக்குத் ‘தியாகச் சிகரம்’ என்று பெயர் அமைந்ததும் அதனால்தான். நாவலில் செம்பியன் மாதேவியின் மகனாக அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன் அவருடைய உண்மையான மகன் அல்லன். குழந்தைப் பருவத்தில் பிள்ளைகள் மாறிவிட்டார்கள். பூத்தொடுத்துச் சிவத்தொண்டு செய்துவந்த எளிய இளைஞன் சேந்தன் அமுதனே அவருடைய உண்மையான மகன். முடிசூட்டு விழாவில் அருள்மொழி அவன் தலையில் மணிமுடியைச் சூட்டுகிறான். பதவியை விரும்பாத ஒருவனுக்கு, அதைப் பெறக்கூடிய இன்னொருவன் விட்டுக்கொடுக்கிறான். வாசகர்கள் எதிர்பாராத அந்த இனிய திருப்பத்தைத் திரைக்கதை கைவிட்டது. அரியணைக்காகச் சூழ்ச்சியில் இறங்கிய அதே மதுராந்தகனுக்கே திரையில் அருள்மொழி முடிசூட்டுகிறான்.

நாவலை நேசிப்பவர்கள் பலருக்கு இம்மாற்றம் ஏமாற்றம் அளித்தது. ஆனால், இதில் வியப்பான ஓர் உண்மை மறைந்திருக்கிறது. சிற்றப்பனாகிய உத்தம சோழனுக்கு ஆட்சியில் ஆசை இருந்ததால், மக்கள் வேண்டியும் அருள்மொழி அரியணையை விரும்பவில்லை என்ற கருத்தைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் தருகின்றன. கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மகனே அந்த உத்தம சோழன். பிள்ளைகள் மாறிய கதை கல்கியின் கற்பனை. அதை நீக்கியதால் திரைப்படம் நாவலை விட்டு விலகியது, செப்பேட்டை நெருங்கியது.

அப்படியென்றால் எந்த முடிவு சிறந்தது? நல்லவன் ஒருவனுக்கு விட்டுக்கொடுப்பது அழகு. ஆசைப்பட்டவனுக்கு, நாட்டின் ஒற்றுமையைக் கருதி விட்டுக்கொடுப்பது கடினம். படத்தில் அருள்மொழியின் தியாகம் இன்னும் கடினமான தியாகமாகிறது. ஆகவே, நாவலின் உயிராகிய தியாகத்தைத் திரைக்கதை கைவிட்டுவிட்டது என்று குற்றஞ்சாட்ட முடியாது. ஆனால், ஓர் இழையை இழுத்தால் துணியின் மறுமுனையும் சுருங்கும். நாவலில் பூங்குழலி சேந்தன் அமுதனை மணக்கிறாள். அவன் அரசனானதும் படகோட்டிய பெண் சோழ நாட்டின் அரசியாகிறாள். சேந்தன் அமுதன் அரசனாகாத திரைப்படத்தில் அந்த முடிவுக்கு இடமில்லை. கடலைப் போலவே கட்டுக்கடங்காத பூங்குழலியின் கதைக்கு நாவலில் கிடைத்த நிறைவு திரையில் கிடைக்கவில்லை. ஒரே மாற்றம் ஓரிடத்தில் கதைக்கு வலிமை தருகிறது. மற்றோரிடத்தில் குறை வைக்கிறது. இரண்டையும் ஒருங்கே பார்ப்பதே நேர்மையான மதிப்பீடு.

‘நீண்ட தொடராக எடுத்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காதே’ என்று சிலர் வாதிடுகின்றனர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. நேரம் கூடினால் மணிமேகலைக்கும் சேந்தன் அமுதனுக்கும் இடம் கிடைத்திருக்கும். ஆனால், நீளம் மட்டும் நாவலைக் காத்துவிடாது. 1999ஆம் ஆண்டு சென்னையில் ‘மேஜிக் லாண்டர்ன்’ நாடகக் குழு இந்நாவலை ஏறக்குறைய நான்கு மணி நேர நாடகமாக மேடையேற்றியது. அதற்கு நாடக வடிவம் தந்த குமரவேல், பிறகு மணிரத்னத்துடனும் ஜெயமோகனுடனும் சேர்ந்து திரைக்கதையில் பங்காற்றினார். கடலும் போர்க்களமும் இல்லாத மேடையில், இரண்டு திரைப்படங்களைவிடக் குறைந்த நேரத்தில் அக்கதையைச் சொல்ல முடிந்தது. எதைத் தேர்ந்தெடுப்பது என்னும் தெளிவு இல்லாவிட்டால் நாற்பது மணி நேரமும் வெறும் சம்பவக் கோவையாகிவிடும்.

வாசகர்களின் மனநிறைவும் எளிதில் கிடைப்பதன்று. கல்கி தொடரை முடித்தபோதே வாசகர்கள் பலர் நிறைவடையவில்லை. இவர் என்ன ஆனார், அவருக்கு என்ன நேர்ந்தது என்று கேள்விகள் வந்தன. அவற்றுக்கு விடை கூறும் வகையில் அவர் ஒரு முடிவுரையும் எழுத வேண்டியிருந்தது. மூல ஆசிரியருக்கே இந்நிலை என்றால், அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழித்து அக்கதையைத் திரைக்குக் கொண்டுவருபவர் எல்லாரையும் மகிழ்விப்பது இயலாத செயல். எனவே, ‘எனக்குப் பிடித்த காட்சி இல்லை’ என்பது மட்டும் ஒரு விமர்சனமாகிவிடாது. அக்காட்சி இல்லாததால் கதை எதை இழந்தது என்று காரணத்தோடு சொல்லும்போதுதான் அது விமர்சனமாகிறது.

திரைப்படம் பார்த்துவிட்டால் நாவலைப் படிக்க வேண்டியதில்லை என்று எண்ணும் மாணவர்களும் உண்டு. இந்த எண்ணம்தான், காட்சிகளை நீக்குவதைவிடப் பெரிய இழப்பை உண்டாக்கும். படிக்கும்போது ஒவ்வொருவரும் தமக்கென ஒரு குந்தவையை, ஒரு வந்தியத்தேவனைக் கற்பனை செய்துகொள்கின்றனர். ஓவியர் மணியம் வரைந்த படங்களைத் தொடரில் கண்டவர்கள்கூட, அவற்றுக்குக் குரலையும் நடையையும் தாங்களே தந்தனர். திரைப்படம் முகத்தையும் குரலையும் தானே கொடுத்துவிடுகிறது. அதன் இன்பம் வேறு; வாசிப்பின் இன்பம் வேறு. கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டிருப்பதால் ‘பொன்னியின் செல்வன்’ இன்று எளிதில் கிடைக்கிறது. படம் பார்த்தவர் அதை எடுத்துப் படித்தால், திரையில் காணாத மாந்தர்களைச் சந்திப்பார்; திரையில் கண்டவர்களின் மனத்தை இன்னும் நெருக்கமாக அறிவார்.

இவ்விவாதம் புகழ்பெற்ற இயக்குநர்களுக்கு மட்டும் உரியதன்று. பள்ளித் தமிழ் விழாவுக்காக ஒரு சிறுகதையைப் பதினைந்து நிமிட நாடகமாக்கும் மாணவர் குழுவும் இதே சிக்கலைச் சந்திக்கிறது. மேடை சிறியது, நடிப்பவர் ஐவர், கதையிலோ பத்துப் பேர். யாரையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். அந்த நேரத்தில், ‘இவருக்கு வசனம் குறைவு, எடுத்துவிடலாம்’ என்று பேனாவை எடுப்பது எளிது. அதற்குமுன், ‘இவர் இல்லாவிட்டால் கதையில் எது பேசப்படாமல் போகும்? அதை இனி யார் பேசுவார்?’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும். விடை கிடைத்தால் அப்பாத்திரத்தை அடித்துவிடலாம். கிடைக்காவிட்டால் அவருக்கு ஓர் இடம் ஒதுக்குவதே கதையாசிரியருக்குச் செய்யும் மரியாதை.